நாலாவது வசனம்

எனக்கு வயது எழுபத்து நான்கு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் தங்கையின் மகன். அவனையும் சேர்த்துத்தான் சொல்லுவேன், அதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. படித்தது நாலாம் வகுப்பு, அதுவும் பாதி. இப்போது ரொறன்ரோவில் நான் ஓர் எக்ஸ்சேஞ் மாணவி. சிரிக்க வேண்டியவர்கள் சிரித்து முடியுங்கள். எனக்கு அவசரமில்லை.

டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டிடத்திலிருந்து நாலு நிமிட நடையில் வயதானவர்களுக்கு ஓர் இங்கிலிஷ் வகுப்பு நடக்கிறது. மூன்று வருடமாகப் போகிறேன். பதினெட்டுப் பேரில் பதினான்கு பேர் எங்கள் ஆட்கள். ரீச்சரும் எங்கள் பிள்ளைதான். அதனால் அந்த இங்கிலிஷ் வகுப்பில் எல்லோரும் மிக நன்றாகத் தமிழ் கதைத்தோம். ஒருத்தி வடை கொண்டுவருவாள், ஒருத்தி ஊர்ப் புதினம் கொண்டுவருவாள், யார் கட்டினது, யார் செத்தது என்று. கடிகாரம் பன்னிரண்டு காட்டும்போது எல்லோரும் ரீச்சருக்கு "தாங்க் யூ" சொல்லிவிட்டு எழும்புவோம். அந்த இரண்டு சொல்லும் எங்களுக்கு நல்ல சுத்தமாக வரும்.

இந்தச் செப்டெம்பரில் புதுச் செமஸ்ரர் தொடங்கிய அன்று ரீச்சர் ஒரு செய்தி சொன்னார். நகரத்தின் மேற்குப் பக்கத்தில் இதே மாதிரி இன்னொரு வகுப்பு இருக்கிறதாம். அங்கே முழுக்கப் போர்த்துக்கீசப் பெண்கள். அவர்களும் இங்கிலிஷ் வகுப்பில் இருந்துகொண்டு போர்த்துக்கீசம்தான் கதைக்கிறார்களாம். இரண்டு ரீச்சர்மாரும் தலையிலடித்துக்கொண்டு ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். ஒரு செமஸ்ரருக்கு அங்கிருந்து ஒருவர் இங்கே வருவார், இங்கிருந்து ஒருவர் அங்கே போவார்.

"ஆருக்குப் போக விருப்பம்?" என்று அவர் கேட்டு முடிக்குமுன் என் கை மேலே நின்றது.

"என்னக்கா, விசரே உங்களுக்கு?" என்று பக்கத்துக் கதிரைக்காரி என் சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் எங்கள் கட்டிடத்திலேயே ஆறாம் மாடியில் இருக்கிறவள். "பஸ் எடுத்து, பிறகு சப்வே எடுத்து, அந்தத் தொங்கலுக்குப் போய் ஆரோடை கதைக்கப் போறியள்?"

"கதைக்கத்தானே போறன்," என்றேன்.

அவளுக்குச் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. ஆறு பேருக்கும் பெட்டி கட்டி, ஒவ்வொருவராக ஒவ்வொரு நாட்டுக்கு அனுப்பியவள் நான். என்னை ஒருவரும் எங்கேயும் படிக்க அனுப்பியதில்லை. கனடாவுக்கு வந்ததுகூடக் கடைசி மகளின் பிள்ளைப்பேற்றுக்குச் சரக்குக் கறி காய்ச்சத்தான். இது எனக்கென்று வந்த பயணம். கட்டிடம் முழுக்கச் சொன்னேன். லிப்டில் ஏறினவர்கள் ஒருவரையும் விடவில்லை. எங்களுக்குத் தெரியாத ஒரு சீனக் கிழவருக்கும் சொன்னேன்.

ஒரு நிபந்தனை இருந்தது. போகிறவரை மூன்று வாரம் பார்ப்பார்கள். மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முன்னால் நின்று, கடதாசியைப் பார்க்காமல், தன்னைப் பற்றிப் பத்து வசனம் இங்கிலிஷில் சொல்ல வேண்டும். சொன்னால் கிறிஸ்மஸ் வரை அங்கே இருக்கலாம். சொல்லாவிட்டால் அடுத்த திங்களே பழைய வகுப்புக்குத் திரும்ப வேண்டும், பக்கத்துக் கதிரைக்காரிக்குப் பக்கத்திலே. அந்தத் திங்களை நினைத்தால் எனக்கு இரத்த அழுத்தம் ஏறும்.

முதல் நாள் பத்து மணி வகுப்புக்குக் காலை ஏழு மணிக்கே வெளிக்கிட்டேன். தோளில் பேத்தியின் பழைய பள்ளிக்கூடப் பை. அதற்குள் புதுக் கொப்பி, சீவிய பென்சில் நாலு, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். இவர் பஸ் தரிப்பு வரைக்கும் வந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர். வயது எண்பது, நெஞ்சுக் குழாயில் ஸ்ரென்ட் இரண்டு, வாயில் பகிடி இருநூறு.

"இஞ்சேரும், பிள்ளையளோடை சண்டை பிடியாமல் இரும்," என்றார். "ரீச்சர் அடிச்சா வந்து சொல்லும்."

"உங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன், அவ பயந்திடுவா," என்றேன்.

பஸ் வந்தது. ஏறி இருந்து யன்னலால் பார்த்தால் மனிசன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொண்டு நிற்கிறார், நான் என்னவோ கப்பல் ஏறுகிற மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்து கண்ணீரும் வந்துவிட்டது. முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "முதல் நாள், பள்ளிக்கூடம்," என்று இங்கிலிஷில் சொன்னேன். அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துத் தந்தாள். கென்னடி ஸ்ரேசனில் சப்வே பிடித்து, இருபத்து மூன்று ஸ்ரேசனையும் விரல் மடித்து எண்ணிப் போய்ச் சேர்ந்தேன். எழுத்தைப் பார்த்து இறங்குகிறவர்கள் இறங்கட்டும். எனக்கு விரல் கணக்குப் பிழைத்ததே இல்லை.

அது உண்மையாகவே வேறு நாடுதான். அங்கே பெண்கள் ஒருவரையொருவர் கண்டால் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்துக் கொஞ்சுகிறார்கள். பதினாறு பேர் என்னையும் கொஞ்சினார்கள், முப்பத்திரண்டு கொஞ்சல். பெற்ற பிள்ளைகள் ஐந்து பேரும் சேர்ந்துகூட ஒரே நாளில் எனக்கு அவ்வளவு தந்ததில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் எப்போதும் கறுப்பு உடை போடும் ஒரு பெண்மணி. புருசன் செத்த நாளிலிருந்து கறுப்புத்தானாம். ரீச்சர் வெள்ளைக்காரப் பிள்ளை, முப்பது வயது இருக்கும், மெல்ல மெல்லக் கதைப்பாள்.

அன்றைக்கே வந்தது வினை. பத்து வசனம் என்னென்ன என்று ரீச்சர் ஒவ்வொருவரையும் சொல்ல வைத்தாள். என் பெயர் இன்னது. என் வயது இவ்வளவு. நான் இன்ன இடத்தில் இருக்கிறேன். நாலாவது வசனம், என் கணவரின் பெயர் இன்னது.

கறுப்புடைக்காரி எழும்பித் தன் புருசனின் பெயரை முழுவதுமாகச் சொன்னாள், நாலு துண்டுப் பெயர். சொல்லிக் கழுத்துச் சங்கிலியில் இருந்த அவர் படத்தைக் கொஞ்சினாள். அடுத்தவள் சொன்னாள், அதற்கடுத்தவள் சொன்னாள். பொரித்த கடலை கொறிக்கிற மாதிரி அவ்வளவு சுகமாகப் புருசன்மார் பெயரைச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

என் முறை வந்தது. கலியாணம் கட்டிய ஐம்பத்திரண்டு வருடத்தில் இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்கள் சொல்வதில்லை. சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று தாய் சொல்லித் தந்தாள், அவளுக்கு அவள் தாய். கூப்பிடுவதற்கு "இஞ்சாருங்கோ" போதும். ஆஸ்பத்திரியில் கேட்டால் அட்டையை நீட்டுவேன். இமிக்கிரேசனில் கேட்டபோது மூத்தவன் சொன்னான். பழைய ஸ்காபரோ வகுப்பில் ரீச்சர் எங்கள் பிள்ளை ஆனபடியால் "என் கணவர் வீட்டில் இருக்கிறார்" என்றால் விட்டுவிடுவார்.

அதையே இங்கேயும் சொன்னேன். "என் கணவர் வீட்டில் இருக்கிறார்."

"நல்லது. அவர் பெயர்?" என்றாள் ரீச்சர்.

சிரித்தேன். அவள் காத்திருந்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். போர்த்துக்கீசப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் என் மேசையில் மூன்று முட்டைப் பாற்பணியாரம் இருந்தது, மேலே கருகின புள்ளி விழுந்து, சூடு ஆறாமல். ஒருத்தி என் முதுகைத் தடவினாள். என்ன அன்பான சனம் என்று நினைத்து மூன்றையும் சாப்பிட்டேன். அடுத்த நாள் சூப் வந்தது. அதற்கடுத்த நாள் ஒருத்தி தான் பின்னிய கம்பளிச் சால்வையை என் தோளில் போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன், "எக்ஸ்சேஞ் மாணவி எண்டால் அங்கை அப்பிடி ஒரு மரியாதை."

இரண்டாம் வாரம்தான் விளங்கியது. கறுப்புடைக்காரி கதிரையை நெருக்கிப் போட்டு என் கையைப் பிடித்தாள். எங்கள் இருவர் இங்கிலிஷையும் கூட்டினாலும் ஐம்பது சொல் தேறாது. "உன் புருசன்," என்றாள். பிறகு இரண்டு விரலால் மேசையில் நடந்து காட்டினாள். "போய்விட்டானா? வேறு பெண்?"

எனக்கு வந்த கோபத்தில் இருந்த இங்கிலிஷும் போய்விட்டது. "நோ! நோ! நல்லவர்! வீடு! ரீவி!" என்று கத்தினேன். முழு வகுப்பும் திரும்பியது. பெயர் என்று சொல்லி வாயைக் காட்டி, வாயில் பூட்டுப் போட்டுக் காட்டினேன். நான் சொன்னால் அவர் ஆயுள் என்று சொல்லிக் கையை நீட்டிக் குறுக்கிக் காட்டினேன். ரீச்சருக்கு விளங்கியது. அவள் மற்றவர்களுக்குச் சொன்னாள்.

கறுப்புடைக்காரி வாயைப் பிளந்தாள். "நான் நாற்பது வருடம், ஒரு நாளுக்கு நூறு தரம், கத்திக் கத்திக் கூப்பிட்டேனே," என்று அரைவாசியைக் கையாலே சொன்னாள். பிறகு சங்கிலிப் படத்தை எடுத்து அதைப் பார்த்துக் கேட்டாள், "அதனாலா போனாய்?"

ஒரு நிமிடம் ஒருவருக்கும் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவளே முதலில் சிரித்தாள். பிறகு வகுப்பு முழுக்க மேசையில் விழுந்து சிரித்தது. சிரிக்கிறார்கள், நெஞ்சில் சிலுவை போடுகிறார்கள், மறுபடி சிரிக்கிறார்கள்.

"சொல்லாதே, நடித்துக் காட்டு," என்றாள் ஒருத்தி.

எங்கள் ஊரிலும் பெண்கள் அப்படிச் சமாளிப்பது உண்டு. இவருக்கு வைத்திருப்பது மயிலேறி வருகிற சாமியின் பெயர்களில் ஒன்று. எழும்பி நின்றேன். சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பின்னால் விரித்துப் பிடித்து, கழுத்தை நீட்டி, மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றினேன். எழுபத்து நாலு வயதில் மயில் ஆடினேன் என்றால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பதினாறு சாட்சி இருக்கிறது.

"கோழி!" என்றாள் ஒருத்தி.

"இல்லை, வாத்து!"

"வான்கோழி! வான்கோழி!" என்று கறுப்புடைக்காரி கைதட்டினாள். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அந்த வகுப்பில் இவர் பெயர் "மிஸ்ரர் வான்கோழி". காலையில் போனால் பதினாறு பேரும் கேட்பார்கள், மிஸ்ரர் வான்கோழி சுகமா என்று.

இவரிடம் சொன்னேன். ரீவியை நிற்பாட்டினார்.

"வான்கோழியோ? மயில் ஆடினது வான்கோழியாப் போச்சோ? ஒரு மயிலைக்கூட ஒழுங்கா ஆடத் தெரியேல்லை உமக்கு!"

"நீங்கள் வந்து ஆடுங்கோவன்."

"அம்பத்திரண்டு வருசமாப் பேரில்லாத மனிசனோடை குடும்பம் நடத்திப்போட்டு, இப்ப எனக்குப் பேர் வைச்சிருக்கிறீர், அதுவும் வான்கோழி எண்டு. சொல்லுமன் அப்பா. ஒருக்காச் சொன்னால் செத்தே போவன்?"

"உங்கடை வாயிலை நல்லது வராதே?" என்று எழும்பிப் போய்விட்டேன். அவருக்கு அது பகிடி. இரண்டு ஸ்ரென்ட் போட்ட நெஞ்சுக்குப் பக்கத்தில் காது வைத்துப் படுக்கிறவள் நான்.

ஆனாலும் வெள்ளிக்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசையில் நான் நின்று சொல்ல, அவர் இருந்து விரல் மடிப்பார். மூன்று வசனம் ரயில் மாதிரி ஓடும். நாலாவதில் நிற்பேன்.

"உதிலை ஏன் ஒவ்வொரு நாளும் பிரேக் பிடிக்கிறீர்?" என்பார் இவர்.

"அம்மம்மா, ஜஸ்ட் சொல்லுங்கோ. இற்ஸ் ஒன்லி எ நேம்!" என்பாள் பேத்தி. அவளுக்குப் பன்னிரண்டு வயது, இங்கே பிறந்தவள். தாயையும் தகப்பனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவளுக்கு ஒன்றும் ஆகாது.

நாலாவதை விட்டுவிட்டு ஒன்பது சொல்லலாமா என்று ரீச்சரிடம் கேட்டேன். அவளுக்கும் மனமில்லைதான். ஆனால் பத்து என்றால் பத்து, எல்லாருக்கும் ஒரே விதி என்றாள். எனக்கு அவளில் மரியாதை கூடியது. நானும் ஆறு பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன்.

கடைசியில் எனக்கே ஒரு வழி தோன்றியது. சொல்லக் கூடாது என்றுதானே தாய் சொன்னாள், எழுதக் கூடாது என்று சொல்லவில்லையே. தாய்க்கு எழுதத் தெரியாது, அதனால் அதற்கு விதி வைக்கவில்லை. பேத்தியிடம் கொப்பியைக் கொடுத்து, இவர் பெயரை இங்கிலிஷ் எழுத்தில் பெரிதாக எழுதித் தரச் சொன்னேன். பன்னிரண்டு எழுத்து. புதன், வியாழன் இரண்டு நாளும் இருந்து அதைப் பார்த்துப் பார்த்துக் கீறினேன். எழுதினேன் என்று சொல்ல மாட்டேன், படம் கீறுகிற மாதிரிக் கீறினேன். கொப்பி முழுக்க இவர்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. முன்னால் போய் நின்றேன். ரீச்சர் தலையசைத்தாள். என் பெயர் சொன்னேன். வயது சொன்னேன். டோர்செட் பார்க் சொன்னேன். "என் கணவரின் பெயர்" என்று தொடங்கி, திரும்பி, பேனையை எடுத்து வெள்ளைப் பலகையில் பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக வைத்தேன். கடைசி இரண்டும் இடமில்லாமல் கீழே சரிந்தன. பின்னால் கைதட்டல் கேட்டது.

திரும்பி ஐந்தாவது வசனத்துக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் ரீச்சர் பலகையைப் பார்த்துப் பெயரை வாசித்தாள். வாசித்தாளா! ஆரம்பத்தை அழுத்தி, நடுவை விழுங்கி, முடிவை மூக்கால் விட்டாள். "சரிதானே?" என்று என்னைக் கேட்டாள்.

ஓம் என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். ஆனால் கறுப்புடைக்காரி, "இல்லை, இப்படி," என்று வேறொரு விதமாகச் சொன்னாள். அது இன்னும் மோசம். பின்வரிசைக்காரி பாதியை வெட்டி, நாய்க்குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டெழுத்தில் சொன்னாள். பிறகு பதினாறு பேரும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லத் தொடங்கினார்கள். எண்பது வருடமாக ஒரு மனிதன் நிமிர்ந்து சுமந்த பெயரை என் கண்ணெதிரே பிய்த்துப் பந்தடிக்கிறார்கள். வான்கோழி என்றபோதுகூட எனக்கு இவ்வளவு பற்றவில்லை.

"நோ!" என்று பலகையில் ஒரு தட்டுத் தட்டினேன். "இப்படி இல்லை!"

சொன்னேன். முழுப் பெயரையும், தலை எழுத்திலிருந்து கடைசிவரை, வாய் நிறையச் சொன்னேன்.

என் குரல் எனக்கே வேறு யாரோ ஒருவரின் குரலாகக் கேட்டது. எவ்வளவு நல்ல பெயர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கறுப்புடைக்காரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளுக்குத்தான் முதலில் விளங்கியது நான் என்ன செய்துவிட்டேன் என்று.

"மீண்டும்," என்றாள் ரீச்சர், மெல்ல.

சொன்னதைச் சொல்லியாகிவிட்டது, இனி ஒன்றென்ன பத்தென்ன. மறுபடி சொன்னேன், துண்டு துண்டாக. பதினாறு பேரும் என் பின்னால் சொன்னார்கள். நான் கையை ஆட்டிச் சொல்லிக் கொடுத்தேன், பிழை விட்டவளை நிறுத்தினேன், திரும்பச் சொல்ல வைத்தேன். அவர்கள் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. பிறகு ஐந்திலிருந்து பத்து வரை ஒரே மூச்சில் கொட்டினேன். ரீச்சர் தன் தாளில் ஏதோ எழுதி, "கிறிஸ்மஸ் வரை," என்றாள். மறுபடி முப்பத்திரண்டு கொஞ்சல்.

ஆனால் எனக்கு இவர் நெஞ்சின் நினைவுதான். வெளியே ஓடிவந்து, தெருவோரத்தில் நின்று வீட்டுக்குப் போன் அடித்தேன். ஒரு தரம் அடித்தது, இரண்டு தரம், நாலு தரம். ஐந்தாவது அடிக்கும்போது எனக்குத் தெரிந்த கோயில் எல்லாவற்றுக்கும் நேர்த்தி வைத்துவிட்டேன்.

"ஹலோ," என்றார் இவர்.

"இருக்கிறியளே?"

"இல்லாமல் எங்கை போறது? மோர்மிளகாய்ப் போத்தல் எங்கை வைச்சனீர்? அரை மணித்தியாலமாத் தேடுறன்."

"நெஞ்சு ஒண்டும் செய்யேல்லையே?"

"மிளகாய் இல்லாமல் சோறுதான் இறங்குதில்லை. ஏன் உமக்கு மூச்சு வாங்குது? பெயிலே?"

"பாஸ்!" என்றேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கச் சிரித்தேன்.

"நாலாவது என்ன செய்தனீர்?"

"எழுதினனான்," என்றேன். அது பொய் இல்லை.

திரும்பிவரும்போது சப்வேயில் யன்னலோரம் இருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. வண்டி புறப்படும் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்காமல் இவர் பெயரை ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன். அடுத்த ஸ்ரேசனில் இன்னொரு தரம். இருபத்து மூன்று ஸ்ரேசனுக்கும் இருபத்து மூன்று தரம். பக்கத்தில் இருந்த பெடியன் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். அவன் என்ன நினைத்தால் எனக்கென்ன. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, கலியாணம் கட்டி ஒரு வாரம்.

திங்கட்கிழமை கட்டிடத்து லிப்டில் ஆறாம் மாடிக்காரி, "என்னக்கா, திரும்பி வந்திட்டியளோ?" என்று கேட்டாள். "இல்லை, போறன்," என்று பையைத் தோளில் சரிசெய்துகொண்டு இறங்கினேன். அதைச் சொல்லத்தான் அன்றைக்குச் சரியாக அவள் இறங்குகிற நேரம் பார்த்து லிப்டுக்குள் நின்றேன்.

இது நடந்து ஒரு மாதமாகிறது. இவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. மகளுக்கும் சொல்லவில்லை. சாப்பாடு பரிமாறும்போது நாக்கு நுனி வரைக்கும் வரும், நேரே முகத்தைப் பார்த்தால் "இஞ்சாருங்கோ" என்றுதான் விழும். ஒவ்வொருவரும் அவரவர் மொழியில் இந்தச் செமஸ்ரரைப் பற்றி எழுதித் தரவேண்டுமாம், இரண்டு வகுப்பும் சேர்ந்து புத்தகமாகக் கட்டப் போகிறார்களாம். ஆறு நாளாக இருந்து இதை எழுதினேன். பிழை இருந்தால் பேத்தி திருத்துவாள், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் அவள்தான் முதலாம் பிள்ளை.

இவர் ஹோலில் ரீவிக்கு முன்னால் இருக்கிறார். இப்போது விளம்பரம் போகிறது.

பிள்ளை, இஞ்சை வா. இந்தா கொப்பி. முதலிலையிருந்து வாசி பாப்பம். அப்பிடி இல்லை, கதவைத் திறந்துபோட்டு, தாத்தாவுக்குக் கேக்கிற மாதிரி.